வெங்காயத் தோட்டத்தில் ஒளித்த எட்டு வருடம்

1

எனக்குப் பொறாமை பிடித்திருக்கிறது. சுற்றிவளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி புதுச் சோபா வாங்கியதால் வந்த பொறாமை என்றால் இரண்டு நாளில் இறங்கிவிடும். இது மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் புளித்துக்கொண்டு கிடக்கிறது. முப்பத்து மூன்று வயது ஜெர்மன்காரப் பெடியன் ஒருவன் மேல். அவன் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. வாசலில் என்னைக் கண்டால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எசன் நகரில் நான் வேலை செய்யும் இடம் சின்னது. மின்சாரம் நின்றால் தானாக ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர்களை ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் பொருத்தி, பராமரித்துக் கொடுக்கிறோம். முதலாளியோடு சேர்த்துப் பதினொரு பேர். அலுவலகத்தில் இருப்பது நான் ஒருத்திதான். சம்பளத் தாள், விடுமுறைத் தாள், காப்புறுதிக் கடிதம், கோப்பி மெஷினுக்குத் தண்ணீர், எல்லாம் என் தலையில். மூன்று கிழமைக்கு முன் அங்கே எனக்குப் பதினைந்து வருடம் முடிந்தது. முதலாளி ஒரு பூச்சாடி தந்து கை குலுக்கினார். அன்றைய தபாலில்தான் அந்த உறையும் வந்தது.

உறையின் மூலையில் ஜெர்மன் அரசாங்கத்தின் கழுகு. கழுகு போட்ட உறையைக் கண்டால் எங்கள் ஆட்களுக்கு இன்றைக்கும் திறக்கப் பயம். அகதி வழக்கு நடந்த காலத்தில் பிடித்த வியாதி அது. பாஸ்போர்ட் கிடைத்தும் போகவில்லை. பூச்சாடியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திறந்தேன்.

கடிதம் எனக்கில்லை, நிறுவனத்துக்கு. நாங்கள் புதிதாக வேலைக்கு எடுக்கப்போகிற மார்செல் என்பவன் ஜெர்மன் படையில் பன்னிரண்டு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவன். அப்படி வெளியே வருகிறவரை வேலைக்கு எடுத்தால், அவர் வேலை பழகும் மாதங்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் முதலாளிக்குக் கொடுக்கும். அதற்கு நாங்கள் ஒரு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், நிரப்பி அனுப்ப வேண்டும். அமெரிக்காவில் இதையே முதலாளிமாருக்கு வரியில் கழித்துவிடுவார்களாம். நியூ ஜெர்சியில் இருக்கிற என் ஒன்றுவிட்ட தங்கை சொன்னாள். வரியில் கழித்தாலென்ன, கையில் கொடுத்தாலென்ன, விஷயம் ஒன்றுதான். ஒரு நாடு கடை கடையாக ஏறி இறங்கி, ‘இவன் எங்களுக்காக நின்றவன், இவனைக் கைவிட்டுவிடாதீர்கள், செலவில் நாங்களும் பங்கு போடுகிறோம்’ என்று கேட்கிறது.

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிற தகப்பன்கூட இவ்வளவு தாழ்ந்து போய்க் கேட்கமாட்டான். வாசிக்க வாசிக்க எனக்குக் காது சுட்டது.

2

என் கணவர் பெயர் குகன். அதுவே இங்கே குடும்பப் பெயராகிவிட்டதால் அலுவலகத்தில் நான் ‘ஃப்ராவ் குகன்’, திருமதி குகன். பதினைந்து வருடமாக என்னைப் புருசன் பெயரால் கூப்பிடுகிறார்கள். புருசனைத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை. அந்தக் கதைக்கு வருகிறேன்.

இவர் பதினேழு வயதில் இயக்கத்துக்குப் போனார். இருபத்தைந்து வயதில் வெளியே வந்தார். ஏன் போனார், ஏன் வந்தார் என்பதை நியாயம் பேச இந்தக் குறிப்பு இல்லை. அவர் இருந்த இடத்தை நினைத்துக் கைகூப்புகிறவர்களும் ஊரில் உண்டு, மண் அள்ளித் தூற்றுகிறவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் ஆளில்லை.

எனக்குத் தெரிந்தது கொஞ்சம். துவக்கும் தூக்கினார், ஆனால் அதிக காலம் இயந்திரங்களோடுதான் நின்றார். மின்சாரமே இல்லாத அந்த வருடங்களில் காட்டுக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டர் ஓட்டியிருக்கிறார். குழந்தைகளின் சூப்பிப் போத்தலால் நாலு சொட்டுப் பெற்றோல் விசிறிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுகிற வித்தை அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். இவர் அந்த வித்தையை வைத்து ஒரு ஆஸ்பத்திரிக்கே வெளிச்சம் கொடுத்திருக்கிறார். இதையும் இவர் எனக்குச் சொல்லவில்லை. கலியாணமாகி ஆறாம் வருடம், டோர்ட்முண்டில் ஒரு பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டில், இவரோடு நின்ற ஒருவர் பாயசம் குடித்துக்கொண்டே சொன்னார். இவரிடம் கேட்டால், “அதையேன் இப்ப கிண்டுறீர்?” என்பதோடு சரி.

இங்கே வந்து வதிவிட அனுமதி கிடைத்ததும் வேலை தேட வேண்டும். வேலை தேட லெபன்ஸ்லௌஃப் வேண்டும், பிறந்த நாளிலிருந்து நேற்றுவரை ஒரு வருடமும் விடாமல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. இவர் இருந்த முகாமில் எல்லாருக்கும் அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் ஒருவர் இருந்தார், ஊரில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவர். எல்லாரும் அவரைத் தாளண்ணை என்பார்கள். தாளண்ணை இவரை முன்னுக்கு இருத்தி வைத்து யோசித்தாராம்.

“தம்பி, எட்டு வரியத்தை எங்கை ஒளிக்கிறது? தோட்டத்துக்கைதான் ஒளிக்கலாம். தேப்பன்ரை தோட்டத்திலை வெங்காயம் செய்தனான் எண்டு போடுறன்.”

“அண்ணை, எங்கட அப்பா தையல்காரர். எங்களுக்கு ஒரு பரப்புக் காணியும் இல்லை.”

“அதை அவங்கள் போய் அளக்கவே போறாங்கள்? வெங்காயத்தைப் பற்றி ஜெர்மன்காரன் உம்மட்டை என்னத்தைக் கேக்கப்போறான்?”

அந்த முகாமில் பதினாறு பேர். பதினாறு பேருக்கும் தகப்பன்மார் வெங்காயத் தோட்டக்காரர். வேலை அலுவலகத்துப் பெண்மணி ஒருநாள், “உங்கள் ஊரில் வெங்காயம் தவிர வேறொன்றும் முளைக்காதா?” என்று கேட்டாராம். எங்கள் ஆட்கள் செய்கிற எந்தக் காரியத்தையும் ஒருவர் கண்டுபிடிப்பார், மற்ற எல்லாரும் அச்சுப் பிசகாமல் அதையே செய்வார்கள். கடை போடுவதும் அப்படித்தான், பொய் சொல்வதும் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பெண்மணி நல்ல மனுசி. எட்டு வருட விவசாய அனுபவமா, விடக்கூடாது என்று இவரை ஒரு மயானத் தோட்ட வேலைக்கு அனுப்பிவிட்டார். கல்லறைகளுக்குப் பூ வைத்து, புல் வெட்டிப் பராமரிக்கிற வேலை. முதல்நாள் மேற்பார்வையாளர் ஒரு பெட்டி துலிப் கிழங்கைக் கொடுத்து நடச் சொன்னார். பார்க்க வெங்காயம் மாதிரியே இருந்தது என்கிறார் இவர். முழுப் பெட்டியையும் தலைகீழாக நட்டுவைத்தார்.

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாராம்: “எட்டு வருடம் வெங்காயம் போட்டாயா?”

“எங்கள் நாட்டில் இப்படித்தான்,” என்று இவர் தெரிந்த ஐந்தாறு ஜெர்மன் சொல்லில் சமாளித்திருக்கிறார். துலிப்புகளும் பாவம், வளைந்து நெளிந்து கொஞ்சம் பிந்தி மேலே வந்தனவாம்.

அதே இடத்தில் இருபத்திரண்டு வருடம். இப்போது இவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. இனி முழங்காலில் இருந்து செய்கிற வேலை கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். சித்திரையிலிருந்து சுகவீன விடுமுறை. நின்றுகொண்டு செய்யத் தங்களிடம் வேலை இல்லை என்று தோட்ட நிறுவனமும் கைவிரித்துவிட்டது. ஐம்பத்தொரு வயது மனுசன் காலை எழும்பி, சவரம் செய்து, உடுத்து, போக இடமில்லாமல் பல்கனியில் நிற்கிறார்.

3

எங்கள் நிறுவனத்தில் பட்டறைக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது இந்த வேளையில்தான். ஜெனரேட்டர்களைக் கழற்றிப் பூட்டி, சோதித்து அனுப்புகிற வேலை. மேசைக்கு முன் நின்றுகொண்டு செய்யலாம். முழங்கால் மடிக்கத் தேவையில்லை. விளம்பரத்தைத் தட்டச்சு செய்தவளே நான்தான். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். போன வருடம் கோடை விருந்துக்கு இவரும் வந்திருந்தார். பட்டறை வாசலில் ஒரு ஜெனரேட்டரை ஓடவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கையில் சொசேஜ் தட்டோடு நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு என் காதுக்குள் சொன்னார்:

“இஞ்சாரும், மூண்டாவது சிலிண்டருக்கு எண்ணெய் ஒழுங்காப் போகேல்லை. இன்ஜெக்டரைப் பாக்கச் சொல்லும்.”

நான் என்னவென்று போய்ச் சொல்வது? மயானத் தோட்டக்காரன் சொன்னான் என்றா? சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து அதே இன்ஜெக்டருக்குத்தான் நான் ஓடர் கொடுத்தேன்.

ஆகவே இவருடைய லெபன்ஸ்லௌஃபைப் புதுத்தாளில் அழகாக அச்செடுத்து முதலாளி ப்ரிங்க்மனிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“ஃப்ராவ் குகன், உங்கள் கணவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் எட்டு வருடம் வெங்காயம், இருபத்திரண்டு வருடம் பூ. எனக்கு டீசல் தெரிந்தவர் வேண்டும்.”

“அவருக்குக் கொஞ்சம் இயந்திரமும் தெரியும்.”

“எங்கே பழகினார்?”

வாய்வரை வந்தது. ஆனால் இங்கே இயக்கத்தின் பெயரைச் சொன்னால் எந்தக் கதவு எப்போது தட்டப்படும் என்ற பயம் எங்கள் எலும்பில் ஊறியது. “வீட்டில்தான்,” என்றேன். “சைக்கிள், புல்வெட்டும் மெஷின் எல்லாம் திருத்துவார்.”

ப்ரிங்க்மன் சிரித்தார், கேலியாக இல்லை. தாளைப் பத்திரமாக என்னிடமே திருப்பித் தந்தார்.

அடுத்த கிழமை மார்செல் வந்தான். படையில் ஜெனரேட்டர் பிரிவில் இருந்தவன். இவன் இன்ன இன்ன இயந்திரம் பழகினான், இன்ன நாட்டுக்குப் போய்வந்தான், பொறுப்பானவன், நேரம் தவறாதவன் என்று இரண்டு பக்கத்துக்கு நற்சான்றிதழ். அடியில் கையெழுத்து, முத்திரை, கழுகு. “இவ்வளவுக்கும் மேலே, இவரை எடுத்தால் அரசாங்கம் எங்களுக்குப் பணமும் தருகிறது!” என்று ப்ரிங்க்மன் எனக்குச் சொன்னார், ஏதோ எனக்கும் சேர்த்து அதிர்ஷ்டம் அடித்த மாதிரி.

அதே வேலை. அதே இயந்திரம். ஒருவன் செய்ததற்கு நாடு எழுதிக் கொடுக்கிறது, வேலை கொடுப்பவனுக்குக் காசும் கொடுக்கிறது. மற்றவர் செய்ததை நாங்களே வெங்காயத்துக்குக் கீழே போட்டு மூடினோம். எனக்குப் பற்றி எரியாமல் என்ன செய்யும்?

4

அந்த அன்ட்ராக்கை நான் நிரப்பினேன். நிரப்பி, மேசை லாச்சிக்குள் தேயிலைப் பெட்டிக்குக் கீழே வைத்தேன். அங்கே பன்னிரண்டு நாள் இருந்தது.

வேலை தொடங்கும் நாளுக்கு முன் அது போய்ச்சேர வேண்டும். பிந்தினால் அந்தப் பணம் இல்லை. பணம் இல்லையென்றால் ப்ரிங்க்மன் மார்செலை விட்டுவிடுவாரோ, விட்டுவிட்டால் அந்த இடம் திரும்பக் காலியாகுமோ, காலியானால் என் மனுசனுக்குக் கிடைக்குமோ என்றெல்லாம் ஒரு கள்ளக் கணக்கு என் மண்டைக்குள் ஓடியது. எவ்வளவு கேவலம் என்று எனக்குத் தெரியும். ப்ரிங்க்மன் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும், “ஒரு தாள் இன்னும் வரவேண்டும்,” என்று முகத்தைப் பார்த்தே சொன்னேன். பதினைந்து வருடத்தில் அலுவலக வேலையில் அந்த மனிதருக்கு நான் சொன்ன முதல் பொய்கள்.

பொய்க்குப் பொருத்தமாக, மார்செல் தானே ஒரு தாளைக் கொண்டுவந்தான். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் முழு இடமும் காலியாகக் கிடக்க, காரைத் திருப்பி, பின்பக்கமாக ஏற்றி, முன்பக்கம் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினான். எனக்கு ஒருமாதிரியாகிவிட்டது. எங்கள் காரும் இருபது வருடமாக அப்படித்தான் நிற்கிறது. மழையோ பனியோ, இவர் திருப்பி நிறுத்தாமல் இறங்கமாட்டார். “குகன், எங்கையப்பா அவசரமா ஓடப்போறாய்?” என்று சிநேகிதர்கள் பகிடி பண்ணுவார்கள். இவர் சிரிப்பார்.

மார்செல் தாளைத் தந்துவிட்டுப் போகாமல் நின்றான்.

“ஃப்ராவ் குகன், ஒன்று கேட்கலாமா? அந்தப் பணம் இல்லாவிட்டாலும் முதலாளி என்னை எடுத்திருப்பாரா?”

“ஏன் கேட்கிறாய்?”

“கடையில் பெட்டி நசுங்கின சாமானுக்குத்தான் விலை குறைத்து ஒட்டுவார்கள். அந்த அன்ட்ராக்கைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. என் நண்பர்களிடம் இதைப் பற்றி நான் சொல்வதில்லை.”

அவனுடைய காது சிவந்திருந்தது. பாவம் என்று சொல்ல வேண்டிய இடம். எனக்கு அப்படி வரவில்லை. அட பாவி, உனக்கு வெட்கப்படவும் ஒரு தாள் இருக்கிறதே என்றுதான் வந்தது. நசுங்கின பெட்டிக்கு விலையாவது ஒட்டுகிறார்கள்; எங்கள் வீட்டில் இருக்கிற பெட்டியைக் கடைத் தட்டில் ஏற்றவே இல்லை. “எடுத்திருப்பார்,” என்று சொன்னேன். அது உண்மை. சொல்லும்போது வயிறு எரிந்ததும் உண்மை.

இனி நீங்கள் என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம். கடைசி நாளான திங்கட்கிழமை காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல், அதை அனுப்பிவிட்டேன். போய்ச்சேர்ந்ததற்குப் பதிலும் வந்துவிட்டது. என் மனச்சாட்சி குத்தித்தான் அனுப்பினேன் என்று பெருமை பேசமாட்டேன். அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததுதான் காரணம்.

5

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது, அதே அன்ட்ராக்கின் நிரப்பாத பிரதி ஒன்றை அச்செடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். ஆசைப்பட்ட சேலையை வாங்க வழியில்லாதவள் தொட்டுப் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை மத்தியானம். எங்கள் மகள் மதுஷா தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். பதினேழு வயது. எங்களோடு பேசுவதில் முக்கால்வாசி ஜெர்மன். ஆனாலும் சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா படிப்பிக்க உதவிக்குப் போவாள். தானே இன்னும் றகரத்துக்கும் ரகரத்துக்கும் தடுமாறுகிறவள். நான் குசினி மேசையில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் எதிரே இருந்து உள்ளிப்பூண்டு உரித்தார்.

“நீர் ஏன் மூண்டு கிழமையா மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரியிறீர்?” என்று கேட்டார்.

நான் கத்தியை வைத்துவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். மார்செல், பணம், லாச்சி, தேயிலைப் பெட்டி, எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன்.

“எத்தினை வரியம் இருந்தவனாம்?”

“பன்ரெண்டு.”

“நான் எட்டுத்தானே,” என்றார், பரீட்சையில் புள்ளி குறைந்தவர் மாதிரி. பிறகு சிரித்தார். “அவன்ரை அன்ட்ராக்கை அனுப்பிவிடும். பன்ரெண்டு வரியம் வீட்டை விட்டுட்டு நிண்டிருக்கிறான்.”

“எனக்கு எரியுது, இஞ்சாருங்கோ. சொல்லிப்போட்டன். எனக்கு அந்தப் பெடியனைக் கண்டாலே எரியுது.”

“எரியட்டும். அனுப்பும்.”

கைப்பையிலிருந்து வெறுந்தாளை எடுத்து மேசையில் வைத்தேன். இவர் உள்ளிக் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தார். “இதிலை என்ன கேக்கிறாங்கள்? வாசியும், பாப்பம்,” என்றார். பகிடிக்குத்தான் தொடங்கினோம்.

“சேவை தொடங்கிய நாள்?”

“ஓ எல் சோதினைக்கு முதல் கிழமை. நாள் ஞாபகமில்லை. மழை பெய்தது.”

“முடிந்த நாள்?”

“ஆஸ்பத்திரி இல்லாமல் போன அண்டைக்கு. ஆஸ்பத்திரியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, பிறகு நான் என்னத்துக்கு?”

நான் பேனையை எடுத்துவிட்டேன். அவர் சொன்னதைக் கட்டங்களுக்குள் எழுதத் தொடங்கினேன். இவர் தடுக்கவில்லை.

“கையாண்ட இயந்திரங்கள்?”

இவருடைய முகம் மாறியது. அந்த முகத்தை நான் முன்பு கண்டதில்லை. ஒற்றைச் சிலிண்டர் ஒன்று, இரட்டைச் சிலிண்டர் இரண்டு, உழவு மெஷினிலிருந்து கழற்றியது ஒன்று என்று விரல் விட்டுச் சொன்னார். “ஒற்றைச் சிலிண்டருக்கு நாங்கள் மாமியார் எண்டு பேர் வைச்சிருந்தம். அவ தான் நினைச்சாத்தான் எழும்புவா.” எது எந்த எண்ணெயில் எவ்வளவு நேரம் ஓடும், எதற்கு எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

“பெற்ற பயிற்சி? யாரிடம்?”

“சிவா எண்டு ஒரு அண்ணை. நாலு மாசம் பழக்கினவர். பிறகு அவரில்லை.” மேசையில் கிடந்த உள்ளித் தோலை ஒன்றாகக் கூட்டினார். “அவரின்ரை பேரை வடிவா எழுதும்.”

“சேவைக் காலத்தில் உடலுக்கு ஏற்பட்ட பாதிப்பு?”

இடது கையை மேசையில் விரித்து வைத்தார். உள்ளங்கையில் ஒரு தழும்பு, மேடும் பள்ளமுமாக. கலியாணமான புதிதில் கேட்டபோது, சின்ன வயதில் கொதிதண்ணீர் ஊற்றுண்டது என்றார். நானும் நம்பினேன்.

“எண்ணெய் போற குழாய் வெடிச்சுப்போச்சு. உள்ளுக்கை ஒப்பரேசன் நடக்குது. மெஷினை நிப்பாட்ட ஏலாது. வெடிச்ச இடத்தைக் கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். பக்கத்திலை கொதிச்சுக்கொண்டிருந்த சைலென்சர்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒப்பரேசன் முடியுமட்டும்.”

“ஆருக்கு ஒப்பரேசன்?”

“தெரியாது. நான் வெளியிலையெல்லோ நிண்டனான்.”

இவரோடு இருபது வருடம் படுத்து எழும்புகிறேன். அந்தக் கையால் எனக்கு எத்தனை தரம் காய்ச்சலுக்கு நெற்றி தொட்டுப் பார்த்திருப்பார். எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் வந்தது. மார்செலின் இரண்டு பக்க நற்சான்றிதழில் நேரம் தவறாதவன் என்று எழுதியிருக்கிறார்களே, இந்த மனுசனுக்கு என்னவென்று எழுதுவார்கள்? எழுத ஒருவராவது மிஞ்சியிருந்தால் அல்லவா.

கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது. “பொறுப்பதிகாரியின்ரை கையெழுத்தும் முத்திரையும் கேக்கினம்,” என்றேன்.

“அதை விடும். அதுக்கு ஆளில்லை.”

6

மதுஷா எப்போது வந்தாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. குசினி வாசலில் சப்பாத்தோடு, தோளில் பையோடு நின்றாள். முகத்தைப் பார்த்தால், உள்ளங்கைக் கதை வரைக்கும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு இதில் ஒரு எழுத்தும் நாங்கள் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவாள் என்று பயந்து சின்ன வயதில் சொல்லவில்லை. வளர்ந்த பிறகு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் சொல்லவில்லை.

“எஷ்ட், அப்பா?” என்றாள். உண்மையாகவா என்பதற்கு அவள் வாயில் அதுதான் வரும்.

இவர் தலையாட்டினார்.

அவள் திரும்பி நடைபாதைச் சுவரைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பில் ‘என் அப்பாவின் ஊர்’ என்று அவள் வரைந்த படம் அங்கே இன்னும் தொங்குகிறது. நீல வானம், மஞ்சள் சூரியன், வரிசை வரிசையாக வெங்காயம், நடுவில் தொப்பி போட்ட அப்பா. அதற்கு வகுப்பில் கைதட்டினார்கள். இவரிடம் வெங்காயத்தைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டு வரைந்த படம்.

“அப்ப வெங்காயம்?”

“வெங்காயம் நான் கடையிலை வாங்கினதுதான், பிள்ளை.”

அவள் சிரித்தாளா அழுதாளா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சப்பாத்தையும் கழற்றாமல் உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்து, என் தமிழ் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக்கூட்டி, முதல் கட்டத்திலிருந்து வாசித்தாள். மாமியார் என்ற சொல்லில் ஒருதரம் தடுமாறினாள். சிவாவின் பெயரைச் சரியாக வாசித்தாள். நாங்கள் இருவரும் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைகள் மாதிரி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசிக் கட்டத்துக்கு வந்து நின்றாள்.

“இது ஏன் வெறுமை?”

“அது முத்திரை குத்திற இடம்,” என்றேன். “எங்களுக்குக் குத்த ஆளில்லை.”

அவள் பையைத் திறந்து உள்ளே துழாவினாள். சனிக்கிழமைப் பிள்ளைகளின் கொப்பிகளில் குத்துகிற முத்திரைக் கட்டையை வெளியே எடுத்தாள். வாயால் ஊதி, அந்தக் கட்டத்துக்குள் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினாள்.

ஊதா மை. ‘மிக நன்று.’

என் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதீர்கள். கழுகுக்குப் பக்கத்தில் வைத்தால் அது ஒரு சின்ன முத்திரை. அதைப் பார்த்து எந்த முதலாளியும் வேலை தரமாட்டான். திங்கட்கிழமையும் மார்செலுக்குக் கதவு திறந்துவிட ஒரு அரசாங்கம் இருந்தது, எங்கள் வீட்டுக்காரருக்குப் பல்கனிதான் இருந்தது. எனக்கு இன்னும் எரிகிறது.

ஆனால் அந்த மத்தியானம் இவர் தாளை வாங்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி இல்லாமல் நெடுநேரம் பார்த்தார். மதுஷா அதை மடித்து ஒரு உறைக்குள் வைக்கக் கை நீட்டினாள். இவர் கொடுக்கவில்லை.

“பொறு பிள்ளை,” என்றார். “மை காயட்டும்.”